எறும்பாரே, முதலில் தாங்கள் உண்ணுங்கள்

எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முன்னொரு காலத்தில், கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு கடற்கரைத் தலைநகரில் நடந்தது என்பது மட்டும் தெரியும். அந்த நாட்டை மகுடவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல அரசர்தான். மனத்தில் ஏதாவது ஒன்று தோன்றிவிட்டால் அது நடக்கும்வரை சோறு இறங்காது என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே தொல்லை.

ஒருநாள் நகர்வலம் போனபோது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்து வணங்கினார்கள். அரசர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் ஆசிரியர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன், "எங்க வீட்டுச் சமயந்தான்" என்றான். இன்னொருவன், "இல்ல, எங்க வீட்டுது" என்றான். ஒரு சிறுமி, "தெரியாதுங்க. கேட்டா சொல்ல மாட்டாரு" என்றாள்.

ஆசிரியர் பூதனார் கைகட்டி நின்றார். அரசர் அவரிடமே கேட்டார். "அரசே, பள்ளிக்கு வெளியே கேளுங்கள், சொல்கிறேன். இந்தக் கூரைக்குக் கீழே சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்" என்றார் பூதனார்.

அரசருக்கு முகம் சுருங்கிவிட்டது. உடன் வந்திருந்த அமைச்சர் அனந்தபாலருக்கு அது போதுமானதாக இருந்தது. தம் அக்காள் மகனை அந்தப் பள்ளிக்கு ஆசிரியராக்கிவிட வேண்டும் என்று அவர் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். அரண்மனைக்குத் திரும்பும் வழியெல்லாம் அரசர் காதில் ஓதினார். "சமயத்தை மறைப்பவர் வேறு எதை மறைக்கிறாரோ! அரசர் கும்பிடும் சிவபெருமானைக் குழந்தைகளிடம் உயர்த்திச் சொல்ல அவருக்கு ஏன் வாய் வரவில்லை?"

மறுநாளே பூதனாரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று காவல் வைத்தார்கள். ஒருமுறை மறுத்தவரிடம் மறுபடியும் தாமே போய்க் கேட்க அரசருக்கு மனம் ஒப்பவில்லை. பூதனாரின் சமயம் எது என்று கண்டுபிடித்து வரும் வேலை விகடகவி வெண்காடனுக்கு வந்தது.

வெண்காடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவையில் யார் நடப்பதையும் பேசுவதையும் அப்படியே நடித்துக் காட்டுவான். அவனால் வாய்விட்டுச் சிரிக்காதவர் அரண்மனையில் இல்லை. அவனால் அவமானப்படாத அமைச்சரும் இல்லை.

"பத்து நாள் நீயே பள்ளியை நடத்து. பிள்ளைகளின் வாயைக் கிளறினால் உண்மை வந்துவிடும்" என்றார் அரசர்.

"பத்து நாள் எதற்கு அரசே? பெரியவர்களையே உருட்டுகிறவன் நான். சின்னப் பிள்ளைகள்தானே? மூன்று நாள் போதும்" என்றான் வெண்காடன். அவை சிரித்தது. அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளியில் முதல் நாள் பூதனார் மாதிரியே இருமிக் காட்டினான். பிள்ளைகள் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் மாலை, பாடம் முடியும் முன்பே நந்தை என்ற பத்து வயதுச் சிறுமி ஓலைகளைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். பயறுக் கடை வைத்திருக்கும் ஆதிநாதரின் மகள் அவள். சமணக் குடும்பம்.

"எங்கே அம்மா கிளம்பிவிட்டாய்?"

"வீட்டுக்கு, ஐயா. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாகணும். எங்க ஆசிரியர் எப்பவும் விட்டுடுவாரு."

"பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட்டால் என்ன?"

"இருட்டுல பூச்சி, எறும்பு சோத்துல விழுந்தா தெரியாது. அதுங்க செத்துடும். பாவம் இல்லையா?"

வெண்காடனின் நாக்கு அவனுக்கு முன்னால் ஓடிவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிரே இலை இருப்பதுபோலக் கைகூப்பினான். குரலைக் குழைத்துக்கொண்டு, "எறும்பாரே, முதலில் தாங்கள் உண்ணுங்கள். வயிறு நிறைந்ததா? கொசுவாரே, தாங்கள் ஏன் வெறும் வயிற்றோடு நிற்கிறீர்கள்? இதோ என் காது, வாருங்கள்" என்றான். கொசு கடித்ததும் அதற்கு நன்றி சொல்லிக் கும்பிட்டான். பிறகு இருட்டிவிட்டதென்று வயிற்றைத் தட்டி, அதற்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதுபோல நடித்தான்.

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். நந்தையும் சிரித்தாள். கட்டிய ஓலைகளை அவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைக்கும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. வெண்காடன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பள்ளி வாசலில் ஆதிநாதர் நின்றிருந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்து, வெண்காடன் அவரைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடலாம் என்று எண்ணினான். அவரோ மெல்லத்தான் பேசினார்.

"ஐயா, நேத்து எம் பொண்ணு விளக்கு வச்சப்புறம்தான் வந்தா. பசிக்குது, சோறு போடுங்கன்னா. பொழுது போயிடுச்சேம்மா, காலையில சாப்பிடலாம்னேன். நாங்க எப்பவும் அப்படித்தான்."

"அது…" என்றான் வெண்காடன்.

"அவ என் முன்னால உக்காந்து கையக் கூப்பினா. எறும்பாரே, முதல்ல தாங்கள் உண்ணுங்கள்னா. கொசுவுக்குக் காதக் காட்டினா. நல்லாத்தான் செஞ்சா. என்னை மாதிரியே குரல் வந்துச்சு." ஆதிநாதர் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டார். "அதுல கொஞ்சம்தான் எனக்குப் புரிஞ்சுது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாமே. முழுசா நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க ஐயா. நானும் சிரிக்க முடியுதான்னு பார்க்கறேன்."

அரசர் முன்னிலையில் ஆயிரம் முறை கூசாமல் ஆடிய உடம்பு வெண்காடனுடையது. இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அதற்குத் தெரியவில்லை. ஆதிநாதர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "சரிங்க. கடை திறக்கணும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று நந்தை பள்ளிக்கு வந்தாள். வெண்காடனைப் பார்த்ததும், இன்னொரு வேடிக்கை வருமோ என்று ஆசையோடு சிரித்தாள். அவள் வராமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பிள்ளைகளுக்குப் பாதி நாள் விடுமுறை கொடுத்துவிட்டு பூதனார் வீட்டுக்குப் போனான். காவலாளிகள் அவனைக் கண்டதும், "என்ன வேடிக்கை கொண்டுவந்தீர்?" என்றார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போனான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

பூதனார் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கெட்டிக்காரக் குழந்தை அவள். ஒருதடவை பார்த்தால் பிடித்துக்கொள்வாள்" என்றார். அது வெண்காடனை இன்னும் சுட்டது.

"நீர் எப்படித்தான் சமாளிக்கிறீர்?" என்று கேட்டான். "பிள்ளைகள் செத்தபிறகு எங்கே போவோம் என்று கேட்கிறார்கள். சாமி இருக்கிறதா என்று கேட்கிறார்கள்."

"கேட்டால் சொல்வேன். சைவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், வைணவர்கள் இப்படி, சமணர்கள் இப்படி, பௌத்தர்கள் இப்படி, உடம்போடு எல்லாம் முடிந்தது என்று சொல்லும் உலகாயதர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பேன். எதைச் சொல்லும்போதும் அதை நம்புகிறவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் 'ஆமாம், நாங்கள் சொல்வது அதுதான்' என்று தலையாட்ட வேண்டும்."

"உமக்கென்று ஒன்று கிடையாதா?"

"ஏன் கிடையாது? உயிரைக் கொடுக்கச் சொன்னாலும் அதற்காகக் கொடுப்பேன். ஆனால் ஒரு குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் அப்பாவை எடைபோடக் கூடாது." பூதனார் நிறுத்தினார். "நானும் தவறியிருக்கிறேன், வெண்காடரே. ஒருமுறை ஒரு பையன் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னபோது புருவத்தைத் தூக்கினேன், அவ்வளவுதான். அந்தப் பையன் அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை."

பிறகு பூதனாரே சொன்னார். "இது பள்ளிக்கூடம் இல்லை. என் சமயம் எது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். போய் அரசரிடம் சொல்லும். என்னால் உமக்குத் தலைவலி வேண்டாம்."

"சொல்லாதீர்" என்றான் வெண்காடன் அவசரமாக. "எனக்குத் தெரியவே வேண்டாம்." எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் அவை கூடியது. "கண்டுபிடித்தாயா?" என்றார் அரசர்.

"இல்லை அரசே. பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்பதுதான் தெரிந்தது."

அனந்தபாலர் எழுந்தார். "மன்னர் மன்னா, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க மனிதனால் முடியுமா? முடியும் என்று விகடகவி சொல்கிறார். அப்படியானால் இங்கேயே நின்று காட்டட்டும். தவறினால் பூதனாரோடு இவரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு அது பிடித்துப்போய்விட்டது. "நல்ல யோசனை! வெண்காடா, நாளைக் காலை இந்த அவைதான் பள்ளிக்கூடம். எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். நீ எல்லோருக்கும் சமதூரத்தில் நிற்க வேண்டும். ஒரு விரற்கடைகூட யார் பக்கமும் சாயக்கூடாது. இது என் ஆணை."

மறுநாள் ஐந்து பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. விரித்தவர் அனந்தபாலர். சைவர் பாய் அரியணைக்கு அடியிலேயே இருந்தது. அதில் அவரே உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்து வைணவர் பாய். மற்ற மூன்றும் கோடியில், செருப்புகள் கழற்றிவைக்கும் வாசற்படி ஓரமாகக் கிடந்தன. பௌத்தர் ஒருவரும் உலகாயதர் ஒருவரும் அங்கே இருந்தார்கள். சமணர் பாயில் ஆதிநாதர் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கண்டதும் வெண்காடனின் கால்கள் தயங்கின. ஆனாலும் நில அளவைக் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"கயிறு எதற்கு?" என்றார் அரசர்.

"சமதூரம் என்று ஆணையிட்டீர்கள். ஒரு விரற்கடை தவறினாலும் நாடு கடத்தல். அளக்காமல் எப்படி நிற்பேன்?"

அரியணைக்கு அருகிலிருந்து அளக்கத் தொடங்கினான். அனந்தபாலருக்கு நான்கு கோல், ஆதிநாதருக்கு முப்பது கோல். நடுவே வந்து நின்றான். இரண்டுபேருக்கும் சரியாக வந்தது, வைணவருக்குச் சரியாக வரவில்லை. இடப்பக்கம் நகர்ந்தான். வைணவருக்குச் சரியானது, பௌத்தருக்குக் கெட்டது. தூணைச் சுற்றினான். கயிறு தூணில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக முற்றத்துக்கே போய்விட்டான். அங்கிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "வைணவருக்குப் பதினெட்டு! உலகாயதருக்கு இருபத்தொன்று! இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறேன் அரசே!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எங்கேயடா போகிறாய்?"

வெண்காடன் வியர்வையோடு திரும்பி வந்தான். "அரசே, இந்தப் பாய்கள் கிடக்கும் கிடையில் சமதூரம் என்ற இடமே இல்லை. நான் எவ்வளவு நடந்தாலும் பயனில்லை. நகர வேண்டியது நானல்ல, பாய்கள். பூதனார் பள்ளியில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துவிட்டுத்தான் பாடமே தொடங்குவார். எனக்கும் அப்படிச் செய்துகொடுங்கள்."

"அரசர் வழிபடும் சமயமும் வாசற்படியில் இருப்பதும் ஒரே தூரமா?" என்று கத்தினார் அனந்தபாலர்.

"ஆணையிட்டவர் அரசர்" என்றான் வெண்காடன். "நான் கயிறு பிடிப்பவன்."

சொன்ன சொல்லை அரசரால் விழுங்க முடியவில்லை. பாய்கள் வட்டமாக இழுத்துப் போடப்பட்டன. பயறுக் கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டி வந்ததில் அனந்தபாலருக்கு முகம் கறுத்தது. அவர் அப்போதுதான் தாம் ஒளித்துவைத்திருந்ததை எடுத்தார். பள்ளியில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது.

"சமதூரத்தில் நிற்கும் இந்தச் சான்றோர் பள்ளியில் ஒரு வேடிக்கை செய்தாராம், மன்னா. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்களாம். அதை இங்கேயும் செய்து காட்டட்டுமே!"

"அப்படியா? எனக்குச் சொல்லாமலா? செய் செய்" என்றார் அரசர், சிரிப்பில் வந்த கண்ணீரை இன்னும் துடைத்துக்கொண்டே.

வெண்காடன் ஆதிநாதரைப் பார்த்தான். அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்தால் அரசர் ஆணையை மீறியதாகும். செய்தால், பெற்றவர் முன்னிலையிலேயே இரண்டாம் முறை செய்ததாகும்.

"செய்கிறேன் அரசே" என்றான். "யார் வீட்டைப் பற்றி என்று நீங்கள் சொல்லவில்லை. என் வீட்டைப் பற்றியே செய்கிறேன்."

நெற்றியில் திருநீறு பூசுவதுபோல மூன்று விரலை இழுத்தான். நந்தி ஒன்று எதிரே இருப்பதுபோலக் குனிந்தான். குரலைக் குழைத்துக்கொண்டு, "இடபத்தாரே, காது கேட்கிறதா? கல்லுக்குள் எறும்பு ஏதும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? என் வேண்டுதல் இரண்டு. முதலாவதைச் சொல்கிறேன், அசை போட்டு முடித்ததும் தலையாட்டுங்கள். ஆட்டவில்லையே? சரி, அடுத்த பிரதோஷத்துக்கு வருகிறேன், அதற்குள் விழுங்கிவிடுங்கள்" என்றான்.

அவை சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் அனந்தபாலர். விகடகவி தன்னைத்தானே சிரிப்புக்கு ஆளாக்கிக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அரசர் சிரிக்கவில்லை. அரசியாருக்கு ஓராண்டாக உடல்நலமில்லை. பிரதோஷம்தோறும் அரசர் கோயிலில் எல்லோரையும் விலக்கிவிட்டு நந்தியின் காதருகே குனிந்து நிற்பார். அது நாடறிந்த செய்தி. சிரிப்பு ஒவ்வொரு வாயிலாக அடங்கியது. கடைசியாக அடங்கியது அமைச்சருடையது.

"அனந்தபாலரே" என்றார் அரசர். "எதற்குச் சிரித்தீர்?"

"மன்னா… அது… விகடகவி…"

"நான் அங்கே குனிந்து நிற்கும்போதும் பின்னால் நின்று இப்படித்தான் சிரிப்பீரோ?"

அரசர் வெண்காடன் பக்கம் திரும்பினார். "இதையா பிள்ளைகளிடம் செய்தாய்?"

"இல்லை அரசே. நானும்தான் அந்தக் காதருகே குனிகிறவன். என் வீட்டுக்குள் நான் சிரித்துக்கொள்ளலாம். அன்று பிள்ளைகளிடம் செய்தது இவர் வீட்டைப் பற்றி." ஆதிநாதரைக் காட்டினான். "இவர் மகள் அதைக் கற்றுக்கொண்டு போய் இவர் முன்னாலேயே நடித்தாள். முடிசூடிய உங்களுக்கே இப்போது சுருக்கென்றது. அவளுக்குப் பத்து வயது. அவளுக்கு வலித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டாள். பூதனார் இருபது ஆண்டுகளாகக் காத்துவைத்ததை நான் இரண்டே நாளில் கெடுத்தேன். நாடு கடத்துவதென்றால் என்னைக் கடத்துங்கள்."

அரசர் ஆதிநாதரைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வேடிக்கையைச் செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்" என்றார் மெல்ல. "இவர் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே." பிறகு, தம்மை நினைத்தோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். ஆரவாரமான சிரிப்பு இல்லை அது.

அன்றே காவல் விலகியது. பூதனார் பள்ளிக்குத் திரும்பினார். அனந்தபாலரின் அக்காள் மகனைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. பள்ளிக் கூரைக்குக் கீழே ஆசிரியரிடம் சமயம் கேட்கும் உரிமை அரசனுக்கும் இல்லை என்று ஓலை போயிற்று. அரசர் தம் தோளிலிருந்த பட்டாடையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார். எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆதிநாதர் மட்டும் தம் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அமைதியாக வெளியேறினார். பட்டாடை வெண்காடனின் முதுகில் உறுத்தியது.

மறுநாள் அவன் பள்ளிக்குப் போனான். பூதனாரின் அனுமதி பெற்று வட்டத்தின் நடுவே நின்றான்.

"பிள்ளைகளே, அன்றைக்கு நான் செய்தது தப்பு. என்னை மன்னிக்க வேண்டும்" என்று கைகூப்பினான்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இதுவும் ஒரு நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பையன் அவனைப் போலவே கைகூப்பிக் காட்டினான். வெண்காடன் பேசாமல் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்றால், சிரிப்பு தானாக ஓய்ந்து, பிள்ளைகளுக்குச் சங்கடமாகி, ஒவ்வொருவராக அவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கும்வரை நின்றான்.

"உன்னிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், நந்தை" என்றான். "உன் வீட்டுப் பழக்கத்தை நான் கேலி செய்தேன். அது தப்பு."

நந்தை அப்போதுதான் புரிந்துகொண்டாள். அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நான் எங்கப்பா முன்னால செஞ்சு காட்டினேனே" என்றாள். "அது?"

"அதுவும் என் தப்புதான் அம்மா. உன்னுடையது இல்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லீங்க ஐயா. அத செஞ்சது நான்தான்" என்றாள். "எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். வெண்காடன் வட்டத்தில் உட்கார்ந்தான். பூதனார் ஓலையைப் பிரித்து அன்றைய பாடத்தைத் தொடங்கினார்.